ஏவலும் அறமும்

படைஞனுக்கு உரியது பணிதல் ஒன்றே. கட்டளையின் நன்மை தீமைகளை ஆராய்தல் அவன் தொழிலன்று என்பார் பலர். இக்கூற்றிற் பாதியே உண்மை என்பது எம் கருத்து.

பணிவு இன்றேல் படை இல்லை. ஒவ்வொருவனும் தன் விருப்பின்படி ஒழுகின் அது படையாகாது. படைக்கலம் ஏந்திய கும்பலேயாம். ஆதலின் அன்றோ நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டம், மேலதிகாரி நேரில் இட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறுவோனுக்கு 14 ஆண்டு வரை சிறை விதிக்கின்றது! எனினும் அதன் 41ஆம் பிரிவு வாளா 'கட்டளை' என்னாது, 'சட்டமுறையான கட்டளை' என்றே கூறுகின்றது. இவ்வடைமொழி செஞ்ஞாயிறு போல இனமில்லா அடையன்று. செந்தாமரை போல இனமுள்ள அடை. வெண்டாமரையும் உண்டாதல் போலச் சட்டத்திற்கு மாறான கட்டளையும் உண்டு. அதற்குப் பணிதல் கடனன்று.

இதன் பயன் யாது? 1968ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 16ஆம் நாள், வியத்நாமில் மைலாய் என்னும் சிற்றூரில், படைக்கலமற்ற முதியோரும் பெண்டிரும் குழவிகளுமாக நூற்றுக்கணக்கானோரை அமெரிக்கப் படையினர் கொன்றனர். மேலோர் ஏவியதையே செய்ததாக லெப்டினன்ட் காலி என்பார் வாதித்தார். படை நீதிமன்றம் அதனை ஏலாது, 1971இல், 22 பேரைக் கொன்ற குற்றவாளி என அவரைத் தீர்த்தது. அவர் சுட்டிய காப்டன் மெடினாவோ அத்தகைய கட்டளை இட்டிலேன் என மறுத்து, அவ்வாண்டே விடுதலை பெற்றார். ஏவலே காப்பாகுமாயின், செய்தவன் ஏவலைக் காட்டுவான். ஏவியவன் அதனை மறுப்பான். இறந்தோர்க்கு விடை கூறுவார் யார்?

அற்றேல், படைஞர் யாவரும் நீதிபதியர் ஆவரோ எனின், ஆகார். ஐயத்திற்கு இடமான கட்டளைக்குப் பணிதலே முறை. விருப்பின்மை மறுத்தற்குக் காரணமாகாது. இயல்பான அறிவுடையான் எவனும் குற்றமென உடனே உணரும் ஏவலையே யாம் விலக்குகின்றோம். கையற்ற குழவியைச் சுடுதல் தீதென அறிதற்குச் சட்டநூற் புலமை வேண்டுமோ?

அந்நாளிலேயே ஹியூ தாம்சன் என்னும் விமானி தம் ஹெலிகாப்டரை இறக்கி, ஊராருக்கும் தம் படையினருக்கும் இடையே நின்று சிலரைக் காத்தார். 1998இல் அவர் நாடு அவருக்குப் பதக்கம் அளித்தது. மறத்திற்குக் கூர்மையாவது இடருற்ற பகைவர்க்கும் உதவுதலே என்னும் வள்ளுவனார் கருத்திற்கு இவர் சான்றாவார். பணிவு படையைக் காக்கும். அப்படை எதனைக் காத்தற்கு உளதோ, அதனைக் காப்பது அவ்வோர் அடைமொழியே.