புதுக் கம்ப்யூட்டர் வாங்கும் முன்

அக்காவுக்கு வயது 81. பாகூரில் வாழ்க்கைப்பட்டவர். வயலில் இறங்கி நாற்று நட்ட காலத்துப் பாட்டுகள் ஏழெட்டு அவருக்கு இன்னும் நினைவில் இருக்கின்றன. ஒரு மைக்கையும் என் பழைய லேப்டாப்பையும் வைத்து அவற்றைப் பதிவு செய்ய ஆரம்பித்தேன். பிறகு ஆசை விடவில்லை. பின்னால் ஆர்மோனியம் சேர்த்தேன், எதிரொலியும் போட்டேன்.

திரும்பக் கேட்டால் கடுகு பொரிவது போல் படபடவென்று சத்தம். குரலும் நடுநடுவே அறுந்தது. பதிவே கெட்டுப்போச்சு என்று முதல் பாட்டை அழித்துவிட்டேன். மறுநாள் அக்கா மறுபடி பாடினார். நடுவில் வரும் நாலு வரி நினைவுக்கு வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

அந்த இரண்டாம் பதிவிலும் அதே படபட. பேரனைக் கேட்டேன். "மிஷின் பழசு தாத்தா, புதுசு வாங்கிடுங்க" என்றான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லா நோய்க்கும் இது ஒன்றுதான் மருந்து. எனக்கு இதில் சம்மதமில்லை. கோளாறு பதிவில் இருக்கிறதா, ஒலிக்கும் விதத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் பணத்தையும் கொடுக்கக் கூடாது, பாட்டையும் அழிக்கக் கூடாது.

அதைக் கண்டுபிடிப்பது சுலபம். அதே இடத்தை இரண்டு மூன்று முறை கேளுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் பொரிந்தால் பெரும்பாலும் பதிவின் மேல் குற்றமில்லை. பாட்டை எக்ஸ்போர்ட் செய்து போனில் போட்டுப் பாருங்கள். எக்ஸ்போர்ட் செய்யும்போது கம்ப்யூட்டருக்கு அவசரமில்லை, தன் போக்கில் கணக்குப் போடும். எனக்கு அதில் சுத்தமாக ஒலித்தது.

அவசரம் எங்கே வருகிறதென்றால், பஃபரில். பிரெஞ்சில் இதை 'மெமுவார் தாம்போன்' என்பார்கள். நாங்கள் ஆபீசில் குத்திய ரப்பர் ஸ்டாம்ப்புக்கும் அதே தாம்போன்தான்! ஆனால் இது ஸ்டாம்ப் இல்லை, மேசை மேல் இருக்கும் தபால் தட்டு. ஒரு கட்டு முடிவதற்குள் அடுத்த கட்டு தட்டில் விழவேண்டும். விழாவிட்டால் குமாஸ்தா சும்மா உட்கார்ந்திருப்பார். அந்த இடைவெளிதான் நம் காதில் 'டப்'.

என் லேப்டாப்பில் பஃபர் 128 சாம்பிள் என்று இருந்தது. நொடிக்கு 44,100 சாம்பிள் என்றால், ஒரு கட்டு 3 மில்லிசெகண்டு கூடத் தாங்காது. அதற்குள் எதிரொலிக் கணக்கையும் முடிக்க வேண்டும். பாவம், பழைய மாடு. 1024 ஆக்கினேன், 23 மில்லிசெகண்டு அவகாசம் கிடைத்தது. படபட நின்றது. பாடும்போது தன் குரலையே ஹெட்போனில் கேட்பவருக்கு மட்டும் பஃபர் சிறியதாக இருக்கட்டும், இல்லையென்றால் குரல் தாமதமாக வந்து குழப்பும். கேட்கும்போது பெரிதாக்கிக்கொள்ளலாம். பேட்டரி சேமிப்பு முறையையும் நிறுத்தி வையுங்கள். புளூடூத் வேண்டாம், ஒயர் ஹெட்போன் போதும்.

லேப்டாப் அதேதான். மிச்சப் பாட்டுகள் எல்லாவற்றையும் அதில்தான் முடித்தேன். அழித்த அந்த முதல் பதிவை மட்டும் ரீசைக்கிள் பின்னில் தேடிப் பார்த்தேன். அதையும் அன்றைக்கே காலி செய்திருந்தேன். மேசையில் எதையும் மிச்சம் வைக்காமல் வீட்டுக்குக் கிளம்புவது என் ஆபீஸ் பழக்கம்.