பிறழ் சாட்சி யார்?

சாதிக் கொடுமை வழக்கில் விடுதலைத் தீர்ப்பு வந்தால் ஊரில் ஒரே பேச்சுதான்: "நம்ம ஆளுங்களே கோர்ட்டுல மாத்திச் சொல்லிட்டாங்க." சாட்சி பிறழ்ந்தது உண்மையாக இருக்கலாம். அவரைப் பிறழ வைத்தது எது என்று கேட்பவர்கள் குறைவு.

கூலி வேலைக்குப் போகும் ஒரு சாட்சியை எண்ணிப் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் உறவினர் வயலில்தான் அவருக்கு வேலை. கடன் வாங்கியதும் அந்தத் தெருவில்தான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகிறது. பேருந்துக்குக் கைக்காசு. நீதிமன்றத்தில் தேதி மட்டும் மாறுகிறது. இப்படியே பத்து ஆண்டு ஓடினால், சமாதானம் பேச வருபவரின் குரல்தான் காதில் விழும்.

2003-இல் விருத்தாசலம் அருகே சாதி மறுத்து மணந்த கண்ணகியும் முருகேசனும் நஞ்சு ஊற்றிக் கொல்லப்பட்டார்கள். உள்ளூர் காவல்துறை உடனே வழக்குப் பதியவில்லை. பின்னர் சிபிஐ விசாரித்தது. கடலூர் நீதிமன்றம் 2021-இல்தான் தீர்ப்பளித்தது. தண்டிக்கப்பட்ட 13 பேரில் இருவர் காவல் அதிகாரிகள். உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது ஆண்டு 2025.

வாச்சாத்தியில் பழங்குடி மக்கள் மீது 1992-இல் நடந்த கொடுமைக்கு 2011-இல் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் தண்டனை பெற்றார்கள். பாதிக்கப்பட்ட பெண்கள் கடைசிவரை சொன்ன சொல்லில் நின்றதால் கிடைத்த தீர்ப்பு அது. ஆனால் நீதி பெறுவதற்கு ஏழைகள் இருபது ஆண்டு வீரம் காட்ட வேண்டும் என்றால், அதற்கு அரசு எதற்கு?

சட்டத்தில் குறை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், குற்றப்பத்திரிகை தாக்கலானதிலிருந்து கூடியவரை இரண்டு மாதத்தில் வழக்கை முடிக்கச் சொல்கிறது. சாட்சிகளுக்குப் பயணப்படியும் தினப்படியும் தரச் சொல்கின்றன 1995-ஆம் ஆண்டு விதிகள். 2015 திருத்தத்தில் வந்த 15-ஏ பிரிவு சாட்சிகளின் பாதுகாப்பை அரசின் கடமை ஆக்கியது. ஜாமீன் விசாரணை உட்பட ஒவ்வொரு விசாரணையையும் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்கிறது. கடமையை வேண்டுமென்றே செய்யத் தவறும் அதிகாரிக்கு 4-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை உண்டு.

இவற்றை நடைமுறைக்குக் கொண்டுவர மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு கண்காணிப்புக் குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அது கூட வேண்டும். நம் மாவட்டத்தில் கடைசியாக எப்போது கூடியது? எத்தனை சாட்சிகளுக்குப் படி கொடுத்தது? கல்லூரி மாணவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

ஊர் மக்களும் சிலவற்றை மனதில் வையுங்கள். வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதி, படித்துக் காட்டி, அதன் நகலை இலவசமாகத் தருவது காவல் நிலையத்தின் கடமை. மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சாட்சி சொல்லப் போகிறவரைத் தனியாக அனுப்பாதீர்கள். நாலு பேர் கூடப் போங்கள்.

சாட்சியைக் காப்பாற்றத் தவறிய அரசுதான் முதலில் பிறழ்ந்தது. கூண்டில் ஏறி நிற்கும் கூலிக்காரரைக் குறை சொல்லுமுன் அதைக் கேட்போம்.