போன கடிதத்தின் படி எங்கே?

வந்த கடிதத்தைக் காப்பவர் பலர். அனுப்பிய கடிதத்தின் படியைக் காப்பவர் சிலர். வந்தது நம் கையில் இருக்கும். போனதோ பிறர் கைக்குச் சென்றுவிடும். நாம் என்ன எழுதினோம் என்பதற்கு நம்மிடம் சான்று வேண்டுமானால், அனுப்பும்போதே ஒரு படி எடுத்து வைத்தாக வேண்டும். எளிய உண்மைதான். ஆயினும் மின்னஞ்சல் வந்தபின் இதனை நாம் மறந்துவிட்டோம் என்பதே என் கவலை.

பழைய காலத்து அலுவலகங்கள் இதனை மறக்கவில்லை. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியார், வெளியே போகும் மடல்களை எழுத்தர்களைக் கொண்டு ஏடுகளில் படியெடுத்து வைத்தனர். அவர்கள் ஆட்சியை நாம் போற்ற வேண்டியதில்லை. ஆனால் அந்தப் படிகள் இருப்பதால்தான் அவர்கள் செய்ததை இன்று அவர்கள் எழுத்தைக் கொண்டே நாம் ஆராய முடிகிறது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அவை காக்கப்படுகின்றன. 1780இல் நீராவிப் பொறியாளர் ஜேம்ஸ் வாட், மடலின் மேல் ஈரமான மெல்லிய தாளை வைத்து அழுத்திப் படியெடுக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர்த் தட்டச்சுப் பொறியும் கார்பன் தாளும் வந்தன. மேல் தாள் தபாலுக்கு. கீழ்த் தாள் 'ஆபீஸ் காப்பி' என்ற பெயரில் கோப்புக்கு. மின்னஞ்சலில் நாம் காணும் 'பி.சி.சி.' என்னும் மூன்றெழுத்தில் நடு எழுத்து, கார்பன் தாளைக் குறிப்பதே! பெயர் பிழைத்தது, பழக்கம் பிழைத்ததா?

"அனுப்பியவை என்ற பெட்டியில்தான் எல்லாம் இருக்கிறதே" என்று சிலர் சொல்லக்கூடும். அப்பெட்டி யாருடையது? அனுப்பியவருடையது. அவர் அழித்தால் அழியும். அவர் வேலையை விட்டுப் போனால் கூடவே போகும். கணபதிப் பக்கம் என் பெரியப்பா ஒருவர் சிறு லேத் பட்டறை நடத்துகிறார். பம்பு உதிரிப்பாகங்களுக்கு விலை எழுதி அனுப்பும் பணியைக் கணக்கர் ஒருவர், தம் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்தே செய்து வந்தார். அவர் விலகிய சில மாதங்களில் விலையைப் பற்றித் தகராறு எழுந்தது. வாங்கியவர் கையில் கடிதம் இருந்தது. பெரியப்பா கையில் எதுவும் இல்லை. எதிராளி காட்டியதே கணக்கு என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. "நாம எழுதுனது நம்மகிட்டயே இல்லியே கண்ணு" என்று அவர் சொன்னது என் நெஞ்சில் தைத்தது. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்பது பழமொழி. எழுதியும் படி வைக்காத கடனுக்கு அழுதாலும் அதே கதிதான்.

இதற்கு மருந்து மின்னஞ்சல் வழங்கியிலேயே, அதாவது சர்வரிலேயே, இருக்கிறது. 1998இல் வெளிவந்த 'போஸ்ட்ஃபிக்ஸ்' என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதன் அமைப்புக் கோப்பில் 'ஆல்வேஸ் பி.சி.சி.' என்று ஒரு வரி எழுதி ஒரு முகவரியைக் கொடுத்தால், வருவது போவது எல்லாவற்றுக்கும் அந்த முகவரிக்கு ஒரு படி போய்விடும். போவது மட்டும் போதுமென்றால், அனுப்புவோர் முகவரிகளைப் பட்டியலிட்டு 'சென்டர் பி.சி.சி. மேப்ஸ்' என்ற வரியில் இணைக்கலாம். அனுப்புபவர் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. காப்புப் பெட்டி நிரம்பிவிட்டால் படி அதில் சேராது, அது அனுப்பியவருக்கும் தெரியாமல் போகலாம். ஆகவே இடத்தைக் கவனிக்க வேண்டும். மறைவுப் படி பெற்றவர்களின் பெயர் அந்தப் படியில் தெரியாமல் போகலாம். வழங்கியின் வழியே போகாமல் சொந்த முகவரியிலிருந்து அனுப்பியதை எந்த வழங்கியாலும் பிடிக்க இயலாது. ஆகவே அலுவல் கடிதம் அலுவல் முகவரியிலிருந்துதான் போக வேண்டும் என்பது முதல் விதி.

அரசு அலுவலகங்களுக்கும் நம்மைப் போன்ற அரசு கல்லூரிகளுக்கும் இதில் கூடுதல் கடமை உண்டு. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 'தகவல்' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே மின்னஞ்சலையும் சேர்த்துள்ளது. ஒரு மாணவனின் உதவித்தொகை பற்றி மேலிடத்துக்கு எழுதியாயிற்றா என்று கேட்டால், "எழுதினோம், ஆனால் படி இல்லை" என்ற விடை அவனுக்குச் சோறு போடாது. 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டமோ, மின்னணு ஆவணத்தைக் காக்கும்போது எங்கிருந்து, எங்கே, எந்நாளில், எந்நேரத்தில் சென்றது என்ற விவரங்களும் அறியும்படி இருக்க வேண்டும் என்கிறது. வெறுந்தாளில் அச்சிட்டுக் கோப்பில் கட்டுவதால் மட்டும் இக்கடமை தீராது.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது நியாயமான மறுப்பு. "இது வேவு பார்ப்பது ஆகாதா?" ஒளித்துச் செய்தால் ஆகும். தனிமனித மறைவுரிமை அடிப்படை உரிமையே என்று 2017இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதனை மதித்தே படி எடுக்க வேண்டும். படி எடுக்கப்படுகிறது என்பதை எல்லோருக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். பெட்டியின் சாவி ஒருவரிடம் மட்டும் இருத்தல் ஆகாது. இருவர் சேர்ந்தே திறக்க வேண்டும். திறந்த நாளும் காரணமும் பதிவாக வேண்டும். நம் அரசு அலுவலகக் கோப்புகளுக்கு ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் எனக் காப்புக் காலம் வகுத்த மரபு முன்பே உண்டு. அதையே மின்னஞ்சலுக்கும் வகுத்து, காலம் முடிந்ததை அழித்துவிட வேண்டும். அளவின்றிச் சேர்ப்பது காப்பு ஆகாது. அது குப்பையும் ஆகும், ஆபத்தும் ஆகும்.

1852இல் பள்ளியாகத் தோன்றி வளர்ந்த கல்லூரி நம்முடையது. இன்று நாம் அனுப்பும் கடிதங்கள், இன்னும் நூறாண்டு கழித்து இங்கே பயிலப்போகும் வரலாற்று மாணவனுக்குச் சான்றுகள் அல்லவா? கணினித் துறை மாணவர்களும் ஆசிரியப் பெருமக்களும் சேர்ந்தால் ஒரு பிற்பகலில் தொடங்கக்கூடிய வேலை இது. பெரிய செலவில்லை, வேண்டியது மனமும் ஒழுங்குமே. சொன்ன சொல்லுக்குச் சான்று வைப்பவனே சொல்லுக்குப் பொறுப்பேற்பவன். அந்தப் பொறுப்பை நாம் ஏற்போமாக!