உபதேசம் போதும், உறக்கம் கொடுங்கள்!

"மனத்தை ஒருமுகப்படுத்துங்கள், தெம்பைக் காத்துக்கொள்ளுங்கள்" என்று செவிலியருக்கு உபதேசம் செய்வோர் ஏராளம். ஆண்டுதோறும் மே 12-ல் நைட்டிங்கேல் அம்மையார் படத்துக்கு மாலை சூட்டி, "தியாகச் சுடர்களே!" என்று முழங்குவோரும் ஏராளம். நாம் கேட்பது ஒன்றே: அந்தச் சுடருக்கு எண்ணெய் வார்ப்பவர் யார்?

இரவெல்லாம் விழித்திருக்கும் கண் அது. ஒரு கட்டிலில் காய்ச்சல், மறு கட்டிலில் மூச்சுத் திணறல். அதற்கிடையே மருந்தின் பெயரைப் படிக்கவேண்டும், அளவைப் பார்க்கவேண்டும். தசமப் புள்ளி ஒன்று இடம் மாறினால் மருந்தே நஞ்சாகிவிடும்!

17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், இரத்தத்தில் 0.05 சதவிகிதம் மது ஏறியவரின் தடுமாற்றத்துக்கு ஒப்பானது என்று 1997-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இருவர் காட்டினர். குடித்தவன் கையில் வண்டியைக் கொடுக்க அஞ்சுகிறோம். உறங்காதவர் கையில் ஊசியைக் கொடுக்க அஞ்சுகிறோமா?

அம்மட்டோ! அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்த லிண்டா எய்க்கன் குழுவினர், 2002-ல் ஓர் உண்மையை வெளியிட்டனர். ஒரு செவிலியரின் பொறுப்பில் அறுவை நோயாளி ஒருவர் கூடினால், 30 நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவிகிதம் உயர்கிறதாம். புரியாத புதிரா இது? கண்கள் இரண்டு, கைகள் இரண்டு; கட்டில்களோ கூடிக்கொண்டே போகின்றன!

செவிலியர் தம் பங்குக்குச் செய்யவேண்டியவை உண்டு, மறுக்கவில்லை. இரவுப் பணிக்கு முன் பகலில் சற்று உறங்கலாம். மருந்து எடுக்கும் வேளையில் பேச்சுக்கு இடம் கொடாதிருக்கலாம். அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது நினைவை நம்பாமல் எழுதிவைக்கலாம். ஆனால், பகலில் உறங்க விடுகிறோமா? பணி முடித்து வீடு திரும்பும் பெண்ணை அடுப்பும் அழுக்குத் துணியும் வரவேற்கின்றன. அந்த அடுப்பை ஆடவர் பற்றவைத்தால் ஆகாதா?

இரண்டு பணிமுறைகளுக்கு நடுவே 12 மணி நேரத் தொடர் ஓய்வு வேண்டும் என்று 1977-லேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பரிந்துரைத்தது. ஏட்டில் இருக்கும் அந்த எழுத்து, மருத்துவமனைச் சுவரில் தொங்கும் டூட்டிப் பட்டியலில் ஏறவேண்டும். காலி இடங்கள் நிரம்பவேண்டும்.

கவனம் வானத்திலிருந்து வருவதல்ல. வயிறார உண்டு, கண்ணார உறங்கிய உடலில் பிறப்பது. செவிலியரின் ஓய்வு சலுகை அல்ல. நோயாளியின் உயிருக்குக் காவல். மாலைகளை நிறுத்துங்கள், பட்டியலைத் திருத்துங்கள்!