ஏட்டில் புதைந்த ஓர் ஓட்டம்

புதையல் என்றவுடன் மண்ணைத் தோண்டுதலும், பொற்குடமும், அதனைக் காக்கும் பூதமுமே பலர் நெஞ்சில் தோன்றும். மண்வெட்டியின்றிப் பழைய கணக்கேடுகளைப் புரட்டியே புதையல் தேடுவாரும் உலகில் உளர். அமெரிக்க நாட்டில் பேஸ்பால் ஆட்டத்தின் வரலாற்றை ஆராய்வோர் அத்தகையர். அவர்கள் கண்டெடுத்த பொருளொன்றைப் பற்றி எம் கருத்தை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

சிக்காகோ கப்ஸ் அணியில் ஆடிய ஹாக் வில்சன் 5 அடி 6 அங்குல உயரமே உடையவர். அவர் 1930-ஆம் ஆண்டில் 56 ஹோம் ரன்கள் அடித்தார். ஒருவர் அடித்த அடியின் பயனாக அணிக்குக் கிடைக்கும் ஓட்டங்களை அவர் பெயரில் எழுதுதல் அவ்வாட்டத்தின் வழக்கு. அவ்வகையில் வில்சனுக்கு 190 ஓட்டங்கள் குறிக்கப்பெற்றன. அதுவரை எவரும் எட்டாத எண் அது. பின்னரும் எவரும் எட்டிலர்.

ஆயினும் பழைய ஆட்டக் குறிப்புகளை ஒப்புநோக்கியோர் ஒரு பிழை கண்டனர். அவ்வாண்டு ஜூலை 28-ஆம் நாள் சின்சினாட்டி அணியோடு நிகழ்ந்த ஈராட்டங்களுள் இரண்டாவதில், வில்சன் ஈட்டிய ஓர் ஓட்டம் அவர்தம் தோழர் சார்லி கிரிம் கணக்கில் ஏறியிருந்தது. 1999-இல் ஆட்டத் தலைமையினர் அதனை ஏற்று, 191 எனத் திருத்தினர். அதற்குள் வில்சன் 1948-இல் வறியராய் மாண்டார். கிரிமும் 1983-இல் மறைந்தார்.

"இறந்தார்க்கு ஓர் ஓட்டம் எதற்கு? 190 ஆயினும் முதலிடம் அவர்க்கே அன்றோ?" என வினவுவார் உளர். முதலிடம் மாறாமையே இத்தேட்டத்தின் பெருமை என்போம் யாம். பரிசு வேண்டித் தேடுவோன் பரிசின்றேல் ஓய்வான். இங்கோ தேடினார்க்குக் கிட்டியது கணக்கு மெய்யாதல் ஒன்றே. பேரெண் என்பது சிற்றெண்களின் தொகுதி. ஒன்றுதானே என்று பிழையைப் பொறுப்போமாயின், எஞ்சிய நூற்றுத் தொண்ணூற்றையும் நம்புவது எங்ஙனம்? கிரிமும் பிறர் பொருளைக் கவர்ந்தாரல்லர். எழுதினோர் கைப்பிழையே அது. ஆதலின் அத்திருத்தம் அவர்க்கு இழுக்கும் அன்று.

மாணவ நண்பர்காள்! அச்சேறியதெல்லாம் உண்மை எனக் கொள்ளும் எளிமை நம்பால் உண்டு. 69 ஆண்டுகள் அச்சில் நின்ற எண்ணும் பிழையாயிற்று என்பதை மறவாதிருப்போமாக. நூலகத்தில் தூசு படிந்து கிடக்கும் ஏடுகளுள் எவர்க்கு உரிய எது, எவர் பெயரில் உறங்குகின்றதோ! திறந்து பார்ப்பார்க்கன்றி அது வெளிப்படாது.