மன்னார் நண்டு மன்னாரிலும் கிடைக்க வேண்டும்

கொழும்பிலிருந்து மன்னார் பார்க்க வருகிற பிள்ளைகள் என்னிடம் தவறாமல் கேட்பது, "அன்ரி, எங்க நல்லாச் சாப்பிடலாம்?" என்றுதான். நான் பேசாலைக்காரி, கடற்தொழிலாளியின் மகள். இதற்குச் சட்டென்று ஒரு கடையைக் காட்ட முடியாமல் நிற்பது எனக்கு மனவருத்தமாக இருக்கிறது.

மத்தியானம் என்றால் கவலையில்லை. மன்னார் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள சின்னச் சாப்பாட்டுக்கடைகளுக்கு நேரத்தோடு போனால் அன்றைய மீனில் குழம்பும் பொரியலும், கூடவே சொதியும் கிடைக்கும். பொழுதுபட்டால் கொத்தும் பிறைட் றைஸும் கோழியும்தான். வங்காலையில் பறவைகளையும் பள்ளிமுனையில் பெருக்க மரத்தையும் பார்த்துவிட்டு, கொழும்பில் தின்கிற கோழிக்கொத்தையே இங்கேயும் தின்றுவிட்டுப் போகிறார்கள்.

எங்கள் நண்டு எங்கே போகிறது? விடியப்புறம் வலையிலிருந்து கழற்றிய நீலக்கால் நண்டு, நிறுத்து ஐஸ் போட்ட கையோடு கம்பனிக்குப் போகிறது. அங்கே சதை பிரித்துத் தகரத்தில் அடைத்து, பெரும்பாலும் அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்கள். விற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காசில்தான் எங்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் நாளுக்குப் பத்துக் கிலோவாவது ஊரில் நின்று ஊர்ப் பெண்களின் அடுப்பில் ஏறலாமே.

வடக்கில் இதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. விவசாயத் திணைக்களத்தின் அம்மாச்சி உணவகங்களில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து கண்முன்னே தோசையும் குழல்புட்டும் சுடச்சுடச் செய்து விற்கிறார்கள். வருமானமும் அவர்களுக்கே. அங்கே மச்சம் இல்லை. கடற்கரை ஊருக்கு மச்ச அம்மாச்சி ஒன்று வேண்டும். நண்டுக்கறி, கணவாய்ப் பிரட்டல், சுறாப் புட்டு, நானாட்டான் அரிசிச் சோறு. சனிக்கிழமைகளில் ஒடியல் கூழும் காய்ச்சலாம். நண்டு, இறால், மீன்தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டு, பழப்புளி கரைத்து, செத்தல் மிளகாய் அரைத்து விட்டு, பெரிய பானையில்! கூழைத் தனி ஆளுக்குக் காய்ச்ச முடியாது. அதனால்தான் கடைக்காரர் தொடுவதில்லை. ஒரு குழுவுக்கு அது பெரிய வேலை இல்லை.

கரையிலேயே சமைத்துக் கொடுப்பது வேறு ஊர்களிலும் நடக்கிற காரியம்தான். தான்சானியாவில், தார் எஸ் சலாமில் வேலை பார்த்த என் மருமகன், அங்கே கிவுகோனி மீன் சந்தையில் ஏலம் விடும் இடத்துக்குப் பக்கத்திலேயே பெரிய தாச்சிகளில் மீன் பொரித்துக் கொடுப்பார்கள் என்பார். ஊருக்குப் புதிதாக வந்தவர்களை அவர் முதலில் கூட்டிப்போவது அங்கேதானாம்.

பிரதேச சபை பேசாலைக் கரையில் ஒரு கொட்டகையும் நல்ல தண்ணீர்க் குழாயும் தந்தால் போதும், சமைக்கப் பெண்கள் இருக்கிறார்கள். அதுவரை, வருகிறவர்கள் தங்கும் வீட்டில் முதல்நாளே "நண்டு வேணும்" என்று சொல்லி முன்பணமும் கொடுத்துவிடுங்கள். கம்பனி லொறி வருமுன் கரையில் வாங்கியாக வேண்டும்.