பிள்ளையைத் துரத்தாதீங்க!

மகனாய் வளர்ந்த பிள்ளை திடீரென்று, 'நான் பொண்ணும்மா' என்றால் உங்களுக்குத் தூக்கிவாரிப் போடும்தான். களம்பூர் மாதிரி சின்ன ஊரில், பக்கத்துத் தறி வீட்டுக்காரர்கள் என்ன பேசுவார்களோ என்ற பயம் வேறு!

அதற்காக, மந்திரிக்கவும் 'மாற்றித் தருகிறேன்' என்கிற டாக்டரைத் தேடியும் ஓடாதீர்கள். இது வியாதியே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் மனநோய்ப் பட்டியலிலிருந்து இதை எடுத்துவிட்டது. 'மாற்றும்' சிகிச்சைக்கு 2021-ல் சென்னை உயர்நீதிமன்றம் தடையே போட்டது.

நீங்கள் துரத்தினால் என்னாகும்? யாரோ சொன்ன ஹார்மோன் மாத்திரையைப் பரிசோதனையில்லாமல் விழுங்கும். ரத்தம் உறைகிற ஆபத்து உண்டு. போலி டாக்டரிடம் ஆபரேஷன் என்றால் உயிருக்கே உலை!

சென்னை ராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனையில் திருநங்கைகளுக்கென்றே தனி கிளினிக் இருக்கிறது. கூடவே போய் வாருங்கள். ஊர் நாலு நாள் பேசும். பிள்ளை ஆயுசுக்கும் வேணுமே!